புள்ளையை யாரு எடுத்திருக்கா?

எழுதப்போற பொம்பளப் புள்ளைக்கு இப்பம் என்னவெல்லாம் வேணுமாம், தெரியுமா மக்ளே? மணக்குத மெழுகுவர்த்தி. காதை அடைக்குத ஹெட்போன். சன்னல் ஓரம் ஒரு தொட்டிச் செடி. தோல் அட்டை போட்ட பிளானர் நோட்டு. முதுகு நோவாத நாற்காலி. எனக்க பேத்தி போன்ல காட்டினா. நானும் கண்ணாடியை மூக்குல ஏத்திவச்சுப் பாத்தேன். மெழுகுவர்த்தி எதுக்கு புள்ளே, குளச்சலுக்குக் கரண்டு வரல்லியா? தொட்டிச் செடி எதுக்கு, முற்றத்துல முருங்கை நிக்கல்லியா? இவ்வளவையும் வாங்கி, தொடச்சு, அடுக்கி வைக்கதுக்குள்ள ஒரு சிறுகதை எழுதி முடிச்சிருக்கலாமே!

மொகத்தைச் சுளிக்காத. உன்னைத்தான் சொல்லுதேன், ஆனா உன்னைத் திட்டல்ல. உனக்கு ரெண்டு வயசுல ஒரு கொச்சு இருக்கு. அஞ்சல்வழியில எம்.ஏ. படிக்க. ராத்திரி எல்லாரும் ஒறங்கின பொறவு கதை எழுத உக்காருத. போதாததுக்கு "என்னை நானே வளத்துக்கிடணும் பாட்டா"ன்னு வேற சொல்லுத. நாலும் நல்ல காரியந்தான். நாலையும் ஒருத்தியே செய்யணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? அதைத்தான் நான் விசாரிக்கேன்.

உனக்க பிளானரையும் பாத்தாச்சு. பச்சை மையில காலம்பற அஞ்சு மணி, தியானம். ஊதா மையில அஞ்சேகால், மனசுல தோணுததை எல்லாம் மூணு பக்கம் எழுதுகது. ஆறு மணி யோகா. ஏழு மணி புள்ளைக்குப் புட்டும் பழமும். எட்டு மணி எம்.ஏ. பாடம். ராத்திரி பத்து மணி ரோஸ் மையில "எனக்கான நேரம்". மொத பக்கம் வாசல்ல கோலம் போட்டது கணக்கா நெறைஞ்சு கெடக்கு. ரெண்டாம் பக்கம் பாதிதான். மூணாம் பக்கத்துல பால் சிந்தின கறை. நாலாம் பக்கம் முழுக்க கொச்சு கிறுக்கி வச்சிருக்கு. எனக்கு அந்த நாலாம் பக்கந்தான் புடிச்சுது. மொத்த நோட்டுலயும் பயப்படாம எழுதினது அது ஒண்ணுதான்.

ஒரு காரியம் கேக்கட்டா? புள்ளைக்கு வயித்தால போற நேரம் அந்த நோட்டுல எங்க இருக்கு? அதுக்கு ஒரு கலர் பேனா வாங்கல்லியா?

பொறவு ஒரு ஆளு வாறான் வீடியோவில. தாடி நல்லா வெட்டி விட்டிருக்கான். தாய்மாருக எழுத்தாளர் ஆவதுக்கு ஏழு படி இருக்காம், சொல்லித் தருவானாம், மொதல்ல துட்டு கெட்டணுமாம். இவனுக்குப் புள்ளை உண்டான்னு கேட்டேன். ரெண்டு உண்டுன்னு பேத்தி சொன்னா. அப்பம் இவன் கேமராவைப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கும்போ அந்த ரெண்டையும் யாரு எடுத்திருக்கா? ஏழு படியிலயும் அதுக்குப் பதில் இல்ல. எட்டாவது படியில இவனுக்க பெண்டாட்டி ஒண்ணை இடுப்புலயும் ஒண்ணைக் கையிலயும் பிடிச்சுக்கிட்டு நிப்பா. கேமரா அந்தப் பக்கம் திரும்பாது.

எனக்குப் படிப்பு கம்மி மக்ளே. ஆனா நூலகத்துப் பெஞ்சை அறுபது வருசமா தேய்ச்சிருக்கேன். யாரு புஸ்தகம் எழுதினாலும் நான் மனசுல கேக்குத கேள்வி இந்த ஒண்ணுதான். இவிய எழுதின நேரத்துல புள்ளையை யாரு எடுத்திருந்தா?

1929-ல லண்டன்ல வெர்ஜினியா வுல்ஃப்னு ஒரு அம்மை சொல்லி வச்சாவ. பொம்பளை எழுதணும்னா தனி அறை வேணும், வருசம் 500 பவுண்டு வருமானமும் வேணும்னு. நெசந்தான். ஆனா நம்ம ஆளுக அறையைப் பிடிச்சுக்கிட்டாவ, 500 பவுண்டை விட்டுட்டாவ. அறைக்குப் பெயின்ட் அடிக்கது எளுப்பம், ரூவா வரணுமே! இன்னொரு காரியமும் உண்டு. அந்த அம்மைக்குப் புள்ளை கெடையாது, அடுக்களையில சமையக்காரி உண்டு. அதையும் சேத்துச் சொல்லணுமா வேண்டாமா?

நம்ம தொறையில ஒரு வீட்டுக்கு எத்தனை அறை? முன்னால ஒண்ணு, உள்ளால ஒண்ணு, அடுக்களை. கதவைத் தாப்பாள் போட்டா யாரும் தட்டாத அறைன்னா அது கக்கூஸ்தான்.

சிரிக்காத. அங்க நின்னு எழுதினவிய உண்டு. திருச்சிப் பக்கம் துவரங்குறிச்சியில சல்மான்னு ஒரு கவிஞர். பதிமூணு வயசுல பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள்ள இருத்திட்டாவ. பொறவு கல்யாணம், பொறவு புள்ளைக. எழுதுகது வீட்டுல யாருக்கும் புடிக்கல்ல. ராத்திரியில குளிமுறிக்குள்ள போயி துண்டுக் காயிதத்துல எழுதி ஒளிச்சு வச்சாவ. சல்மாங்குத பேரே ஆளு தெரியாம இருக்கதுக்கு வச்ச புனைபேருதான். 2000-ல கவிதை புஸ்தகமா வந்துது. 2001-ல அதே ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவர். 2004-ல 'இரண்டாம் ஜாமங்களின் கதை'ன்னு தடிச்ச நாவல், நம்ம நாகர்கோவில் காலச்சுவடு போட்டது. 2025-ல டெல்லியில மாநிலங்களவை உறுப்பினர்.

கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு இடத்துல நில்லு. வீட்டை விட்டு எறங்கக் கூடாத ஒரு பொண்ணுக்க காயிதம் தபால்பெட்டி வரைக்கும் எப்படிப் போச்சு? அதுக்குக் கால் மொளச்சுதா? பெத்த அம்மைதான் ஆருக்கும் தெரியாம எடுத்து அனுப்பினாவ. கவிதைக்கு அடியில மகளுக்க பேரு இருக்கு. ஒறைக்கு மேல அம்மைக்க கை இருக்கு.

இந்தக் கதையை உனக்க மாமியிட்ட மட்டும் சொல்லீராத. "பாத்தியா, அவ குளிமுறியில இருந்தே எழுதல்லியா, உனக்கு எதுக்கு மேசை?"ன்னு கேப்பாவ. இல்லாமையைப் பாத்துக் கைதட்டுத கூட்டம் ஒண்ணு எப்பவும் உண்டு. அந்தக் கூட்டத்துக்குக் குளிமுறி வேணாம், கைதட்ட ஒரு மண்டபம் போதும்.

சரி, அதுக்கு முந்தின கதைக்கு வா. வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல பொறந்தவிய. அஞ்சு வயசுல கல்யாணம். பள்ளிக்கூட வாசல் கண்டதில்ல. கதை சொல்லுவாவ, எழுதத் தெரியாது. என்ன செய்தாவ? வாயால சொல்லச் சொல்ல, பட்டம்மாள்னு சேக்காளி ஒருத்தி எழுதினாவ. அப்படித்தான் 'இந்திரமோகனா'ன்னு மொத நாடகம் வந்துது. 1925-ல 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில எடுத்தாவ. ஒரு மகனை வளத்தாவ, கச்சேரி பாடினாவ, மேடையில பேசினாவ, காந்தி பேச்சைக் கேட்டு ஜெயிலுக்கும் போனாவ. 115 நாவல்! எழுதத் தெரியாத மனுசி 115 எழுதினாவ. நீ பேனா பிராண்டு பாத்துக்கிட்டு இருக்க.

ஆனா பட்டம்மாளை யாருக்கு ஓர்மை இருக்கு? எனக்கு அதுதான் வெசனம். ஒருத்தி சொல்ல, ஒருத்தி எழுத, ரெண்டு பேரும் அடுக்களை வேலைக்கு நடுவுல உக்காந்திருந்திருப்பாவ. உனக்கு அப்படி ஒரு பட்டம்மாள் உண்டா? போன்ல அஞ்சாயிரம் பேரு உண்டுங்குத. புள்ளைக்குச் சளி பிடிச்சா அதுல எத்தனை பேரு கசாயம் கொண்டுவருவா?

தொலைவுக்கு எதுக்குப் போகணும், நம்ம தக்கலைப் பக்கம் வா. ஹெப்சிபா ஜேசுதாசன். கேட்டிருக்கியா? கேட்டிருக்க மாட்ட. அமெரிக்காவுல யாரு காலம்பற நாலு மணிக்கு எழும்பி எழுதினாங்குதது உனக்குத் தெரியும், பக்கத்து ஊரு தெரியாது. 1925-ல பொறந்தவிய. காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாவ. வீட்டுக்காரர் ஜேசுதாசன், திருவனந்தபுரத்துல தமிழ்ப் பேராசிரியர். 1961-ல ரெண்டு பேரும் சேந்து தமிழ் இலக்கிய வரலாறை இங்கிலீஷ்ல எழுதினாவ. அட்டையில ரெண்டு பேருக்க பேரும் இருக்கு. கவனிச்சியா? அந்தக் காலத்துல புருசன் புஸ்தகம் போட்டா, "பொறுமையா இருந்த மனைவிக்கு நன்றி"ன்னு உள்பக்கத்துல ஒரு வரி வரும். இஞ்ச அட்டையிலயே இடம்.

பொறவு 1964-ல 'புத்தம் வீடு' வந்துது. பகல்ல இங்கிலீஷ் இலக்கியம் நடத்துத அம்மை. எழுத உக்காந்தப்பம் எதை எடுத்தாவ? லண்டன் தெருவையா? பனைவிளைன்னு ஒரு ஊரு, வாழ்ந்து கெட்ட ஒரு வீடு, பனையேறுத ஒரு பையன், லிஸின்னு ஒரு பொண்ணு. கண்ணப்பச்சின்னு ஒரு கெழவன், வீடு இடிஞ்சு விழுந்தாலும் வீறாப்பு இடியாத ஆளு. எனக்கு அந்தக் கெழவனைத்தான் புடிக்கும், வயசுக்கு வயசு சேரும் பாத்துக்கோ. லிஸி பெரிய மனுசி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள்ள இருத்துதாவ. அந்தப் பொண்ணு சன்னல் வழியா ஊரைப் பாக்குத பார்வையிலதான் பாதி நாவல் நடக்கு. பேச்செல்லாம் நம்ம கல்குளம், விளவங்கோட்டுப் பேச்சு. அந்தப் பேச்சுக்கு இலக்கியத்துல அதுக்கு முன்னால யாரு பாய் விரிச்சா?

இஞ்சதான் நீ காது குடுக்கணும். அவிய வாரத்துக்கு ஒரு கதை போடல்ல. 1964-ல மொத நாவல். கடைசி நாவல் 'மா-னீ' 1982-ல. நடுவுல 'டாக்டர் செல்லப்பா', 'அனாதை'ன்னு ரெண்டே ரெண்டு. வீடு, புள்ளைக, காலேஜ் எல்லாம் அதுக்கூட நடந்துது. பொறவு வயசான காலத்துல, மத்தவிய மாத்திரைப் பொட்டியை எண்ணுத வயசுல, தமிழ் இலக்கிய வரலாறை இங்கிலீஷ்ல நாலு தடிச்ச தொகுதியா எழுதினாவ. 2012-ல போய்ச் சேந்தாவ. யாராவது அவிய பிளானரைப் பாத்ததுண்டா? நீ பத்து நாள் ஒண்ணும் எழுதல்லேன்னா "ஐயோ, வாசகர் மறந்துருவாங்க"ன்னு கெடந்து துடிக்க. மறக்கட்டும் மக்ளே! ஓர்மை வச்சுக்கிடும்படி ஒண்ணு எழுதின பொறவு மறந்தா கேளு.

இனி ஆம்பளைகளுக்க கதைக்கு வாறேன். காது கூர்மையா வச்சுக்க.

கால்டுவெல் அய்யர் 1856-ல திராவிட மொழிகளுக்க ஒப்பிலக்கணம் போட்டாரு. உலகமே கொண்டாடுது. மெரினாவுல செலை இருக்கு. அவருக்க பெண்டாட்டி யாருன்னு தெரியுமா? எலைசா. நாகர்கோவில் மிஷன் வீட்டுப் பொண்ணு. அந்தப் பொண்ணுக்க அம்மை மார்த்தா மால்ட், இருநூறு வருசம் முன்ன நாகர்கோவில்ல பொம்பளப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போட்டு, கூடவே லேஸ் பின்னவும் படிப்பிச்சவிய. படிப்பும் கைத்தொழிலும் ஒரே பெஞ்சுல! மகளும் இடையன்குடிக்கு வாக்கப்பட்டுப் போயி அதே மாதிரி பள்ளிக்கூடம் நடத்தினாவ, லேஸ் சொல்லிக் குடுத்தாவ, புள்ளைகளைப் பெத்து வளத்தாவ. அந்த அம்மையும் ஒரு நாள் "எனக்கும் படைப்பு நேரம் வேணும்"னு கதவைச் சாத்தியிருந்தா, வேர்ச்சொல்லைத் தேடிக்கிட்டு இருந்த அய்யர் பால்குப்பியைத் தேடிக்கிட்டு அலைஞ்சிருப்பாரு.

தேங்காப்பட்டணத்து தோப்பில் முகம்மது மீரான், மொளகா வத்தல் வியாபாரம் பாத்துக்கிட்டே எழுதி 1997-ல சாகித்ய அகாதமி விருது வாங்கினாரு. நாகர்கோவில்ல சுந்தர ராமசாமி ஜவுளிக்கடையும் நடத்தினாரு, நாவலும் எழுதினாரு. நம்ம குளச்சல் மு. யூசுப், மலையாளத்துல இருந்து 'திருடன் மணியன்பிள்ளை'யைக் கொண்டுவந்து 2018-க்கான மொழிபெயர்ப்பு விருதை வாங்கி ஊருக்குப் பேரு சேத்தாரு. எல்லாரும் கெட்டிக்கார ஆளுக, நான் கும்பிடுத ஆளுக. இவியகிட்ட ஒரு பேட்டியிலயாவது, "அய்யா, தகப்பன் வேலையையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிய?"ன்னு எவனாவது கேட்டிருப்பானா? மொளகா வத்தலையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கியன்னு வேணும்னா கேட்டிருப்பான். புள்ளையை எப்படிச் சமாளிக்கியன்னு வாயே வந்திருக்காது. அந்தக் கேள்வி உனக்காகத் தனியா எடுத்து வச்சது மக்ளே. மைக்கைக் கொண்டு வந்து உனக்க மொகத்துல மட்டுந்தான் நீட்டுவான்.

நீயும் பதில் சொல்லுத! நேரத்தை நிர்வாகம் பண்ணுகேன், முன்னுரிமை குடுக்கேன், அது இதுன்னு. "எனக்க புருசன்கிட்ட கேளுங்க, ஞாயித்துக்கிழமை அவருதான் புள்ளையைப் பாக்காரு"ன்னு ஒருத்தியாவது சொல்லுதாளா?

நான் சொன்னா கெழவன் ஒளறுதான்னு சொல்லுவாவ. அப்பம் சர்க்கார் கணக்கையே கேளு. 2019-ல நாடு முழுக்க ஒரு நாளுக்கு யாரு எந்த வேலைக்கு எத்தனை நிமிசம் செலவழிக்கான்னு கணக்கு எடுத்தாவ. கூலியில்லாத வீட்டுவேலையில பொம்பளைக்கு 299 நிமிசம். ஆம்பளைக்கு 97. 97 இருக்கேன்னு சந்தோசப்படாத. அது வீட்டுவேலை செய்யுத ஆம்பளைகளுக்குள்ள எடுத்த சராசரி. அந்தக் கணக்குல அப்படிச் செய்தவன் நூத்துக்கு 26 பேருதான். மீதி ஆளுக எங்க? கலுங்குல இருந்து அரசியல் பேசுதாவ. உனக்க நாவல் எங்க தொலைஞ்சுதுன்னு தேடுத இல்லியா? அந்த 299 நிமிசத்துக்குள்ள கெடக்கும், போயி எடு.

கரமடி இழுக்கதை நீ கண்டிருப்ப. ஒரு தலைக்கயிறைக் கரையில நிக்க ஆளுகிட்ட குடுத்துட்டு, வள்ளம் வலையை வளைச்சுப் போட்டுக்கிட்டே போயி, அங்க தள்ளி மறு கயிறைக் கொண்டு கரை சேக்கும். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். ரெண்டும் ஒண்ணா இழுத்துக்கிட்டே நெருங்கி வரணும். ஒரு பக்கம் தளந்தா மடி கோணிப் போவும், மீனெல்லாம் கடலுக்கே. அப்பம் இழுத்துக்கிட்டு நிக்குத கூட்டத்தைப் பாத்து, "உங்களுக்குச் சமாளிக்கத் தெரியல்ல, தியானம் பண்ணுங்க"ன்னு சொன்னா ஏத்துக்கிடுவாவளா? அந்தப் பக்கத்து ஆளுக எங்க போனாவன்னுதானே கேப்பாவ?

படிப்புக்கு வாறேன். அதுல எனக்குப் பெருசா சந்தேகம் இல்ல. படி. லட்சுமின்னு ஒரு எழுத்தாளர், சொந்தப் பேரு திரிபுரசுந்தரி. சென்னையில டாக்டருக்குப் படிக்கும்போ காசு முட்டு. ஆனந்த விகடன்ல கதை எழுதி, அதுல வந்த பணத்துலதான் படிப்பை ஓட்டினாவ. படிப்புக்கு எழுத்து சோறு போட்டுது. நீ என்னடான்னா படிப்பும் எழுத்தும் ஒண்ணுக்கொண்ணு சக்களத்தின்னு நெனச்சுக்கிட்டு இருக்க. உனக்க எம்.ஏ.க்கு ஒரு கட்டுரை எழுதணும்னு சொன்னியே, என்ன தலைப்பு எடுத்த? "பின்நவீனத்துவக் கவிதைகளில் வெளி". ஏன் புள்ளே? உனக்க வீட்டு வாசல் வழியா தலைச்சுமையா மீன் கொண்டு போறாளே, அவ விலை சொல்லுத பேச்சை எழுதி எடு. மீன் ஏலம் விடுதவனுக்க ராகத்தை எழுது. வலைக் கம்பெனிக்குப் போன பொண்ணுக கதையை எழுது. மார்க்கும் வரும், அதுல இருந்தே நாவலும் வரும். ஒரு வேலையை ரெண்டு தடவை விக்கத் தெரியாதவளுக்குக் குளச்சல்ல என்ன வேலை?

வயசாவுதேன்னு பதறாத. ஆலப்புழைப் பக்கம் சேப்பாட்டுல கார்த்தியாயினி அம்மை, 96 வயசுல, 2018-ல கேரளத்து எழுத்தறிவுப் பரிச்சை எழுதி நூத்துக்கு 98 வாங்கினாவ. உனக்கு இன்னும் எழுவது வருசம் கெடக்கு.

சட்டமும் கொஞ்சம் உண்டு, தெரிஞ்சு வச்சுக்க. கம்பெனி வேலையில இருக்கவளுக்கு மொத ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, 2017-ல ஆக்கினது. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுத எடத்துல குழந்தைக் காப்பகமும் வேணும். தமிழ்நாட்டு அரசு வேலைன்னா 2021-ல இருந்து 12 மாசம். பி.எச்.டி. செய்யுத பொம்பளைக்கு 240 நாள் லீவு உண்டு. பொறவு நீ பி.எச்.டி.க்குப் போவும்போ, "அப்படி ஒண்ணும் இல்லியே"ன்னு எவனாவது மேசைக்குப் பின்னால இருந்து கொட்டாவி விடுவான். எழுதிக் குடுத்துக் கேளு. அப்பனுக்கு எவ்வளவுன்னு கேக்கியா? மத்திய அரசு வேலையில இருந்தா 15 நாள். புள்ளைக்கு அப்பன் மொகம் பழகுததுக்குள்ள ஆளு ஆபீசுல இருப்பான்.

இனி இந்த "தன்னை வளத்துக்கிடுகது". அதைப் பத்திப் பேச எனக்கு அதிகம் ஒண்ணும் இல்ல. கண்ணாடி முன்னால நின்னு "நான் வல்லவள், நான் வல்லவள்"ன்னு காலம்பற பத்துத் தடவை சொல்லுதியாமே? உனக்க கொச்சு கேட்டுக்கிட்டு நிக்கு, நாளைக்கு அதுவும் சொல்லும், அவ்வளவுதான் லாபம். பொழுதோட ஒறங்கு. கிழங்கும் மீனும் சூடா இருக்கும்போ நீயும் இருந்து தின்னு, எல்லாரும் தின்ன பொறவு சட்டியை வழிக்காத. வேண்டாத்த கல்யாண வீட்டுக்கெல்லாம் ஓடாத. இதுக்கு மேல ஒருத்தி வளந்தா மோட்டுல இடிக்கும்.

காரியத்துக்கு வாறேன், ஒரு தந்திரம் சொல்லுதேன். யாரிட்டயும் சொல்லப்பிடாது. உனக்க மாமியிட்ட போயி, "மாமி, நான் உங்க கதையைத்தான் எழுதுதேன். நீங்க வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து"ன்னு சொல்லு. அம்புட்டுதான். அடுத்த நாள் அவியளே வந்து புள்ளையைப் புடுங்கிக்கிட்டுப் போவாவ. "நீ இருந்து எழுது, இஞ்ச நான் இல்லியா"ன்னு ஒரு அதட்டலும் கெடைக்கும். கூடவே ராத்திரி இருந்து பழைய கதை அம்பது சொல்லுவாவ, அதுல நாப்பது அச்சுக்கு ஆவும். என்ன, நாத்தனாரைக் கெட்டவளா எழுதணும்னு ஒரு வற்புறுத்தல் வரும். அது உனக்க பாடு.

மாப்பிள்ளையிட்ட சண்டை பிடிக்காத. சண்டைக்கும் ஒரு மணிக்கூர் போவும், அதையும் எழுதலாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு தின்னு முடிச்சதும், புள்ளையை அவனுக்க மடியில இருத்தீட்டு, நோட்டை எடுத்துக்கிட்டு வெளிய எறங்கு. போனை வீட்டுல வை. நூலகம் பூட்டியிருந்தா கடற்கரைக்குப் போ, வலைக்குடில் நிழல்ல இரு. புள்ளை அழும். அழட்டும். கொஞ்சம் கழிஞ்சு அவனும் அழுவான். அழட்டும். நீ திரும்பி வரும்போ ரெண்டும் ஒண்ணா ஒறங்கிக் கெடக்கும். எழுப்பாத, இன்னொரு அரை மணிக்கூர் கெடைக்கும்.

எனக்கும் தரலாம் கொச்சை. திங்களும் வியாழனும் நான் சும்மாதான் இருக்கேன். கதை சொல்லுவேன், கட்டன் சாயா குடுக்க மாட்டேன், அது அழுதா உனக்கு ஆளும் அனுப்ப மாட்டேன். கூலி ஒண்ணும் வேணாம். ஆனா பொறவு நீ எழுதுத நாவல்ல நான் வருவேன்னு எனக்குத் தெரியும், உனக்க முழியே சொல்லுது. வந்தா வரட்டும். பொக்கைவாய்க் கெழவன்னு மட்டும் எழுதீராத. மூணு பல்லு இருக்கு, எண்ணிப் பாத்துக்க.